சாந்திவனம்

கரூர் மாவட்டம் குளித்தலையை அடுத்த தண்ணீர்பள்ளியில், காவிரியின் தென்கரையில் அமைந்த கத்தோலிக்கத் துறவகம் சாந்திவனம். முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். தொடங்கிய நாள் 1950 மார்ச் 21. அன்றைய திருவழிபாட்டு நாட்காட்டியில் அது புனித பெனடிக்டின் திருநாள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் 73 அதிகாரங்களில் எழுதிவைத்த ஒழுங்குதான் மேற்கத்திய கிறிஸ்தவ மடங்களுக்கு இன்றுவரை அடிப்படை. வேளை தவறாத வேண்டுதல், கைவேலை, வாசிப்பு, ஓரிடத்தில் நிலைத்திருத்தல், வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்றல் ஆகியவை அதன் சாரம். அந்தப் பழைய ஒழுங்குக்குக் காவி கட்டிப் பார்த்த முயற்சி என்று சாந்திவனத்தைச் சொல்லலாம்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. வங்காளத்தின் பிரம்மபாந்தவ் உபாத்யாய (1861–1907) தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளை சத், சித், ஆனந்தம் என்று வணங்கி 1898இல் சமஸ்கிருதத் துதி ஒன்றை இயற்றினார். நர்மதைக் கரையில் ஜபல்பூரில் அவர் தொடங்கிய மடம் திருச்சபை அதிகாரிகளின் எதிர்ப்பால் நிலைக்கவில்லை. சாந்திவனம் தன் பெயரை எடுத்துக்கொண்டது அந்தச் சிந்தனையிலிருந்துதான்.

நிறுவியவர்கள் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். லியோன் மறைமாவட்டக் குருவான ஜூல் மோன்ஷானென் (1895–1957) 1939இல் திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்தார். குளித்தலை வட்டாரத்தில் பங்குப்பணி செய்துகொண்டே துறவு வாழ்வுக்குக் காத்திருந்தார். பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ (1910–1973), பிரித்தானி பகுதியில் உள்ள கெர்கோனான் மடத்திலிருந்து 1948இல் வந்து சேர்ந்தார். மோன்ஷானென் பரம அரூபி ஆனந்தர் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். மாந்தோப்பில் எளிய குடில்கள், தரையில் படுக்கை, காவி உடை, மரக்கறி உணவு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடுவதற்கு முந்தைய காலம் அது. திருப்பலி இலத்தீனில்தான் நடக்க வேண்டும். அந்த நிலையில் அந்நியர் இருவர் இப்படி வாழத் துணிந்ததன் கனத்தை இன்று உணர்வது கடினம்.

கணக்குப் பார்த்தால் அவர்கள் தோற்றார்கள். இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நிலையாகத் தங்கும் துறவியர் குழு அங்கே உருவாகவேயில்லை. இருவரின் பாதைகளும் விலகின. 1949 ஜனவரியில் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைக் கண்டதிலிருந்து அபிஷிக்தானந்தரை அருணாசலம் இழுத்தபடியே இருந்தது. 1952 முதல் அவ்வப்போது அந்த மலைக் குகைகளில் மௌனமாகத் தங்கினார். திருக்கோவிலூர்த் தபோவனத்து ஞானானந்தரைக் குருவாகவே கொண்டார். அத்வைத அனுபவம் அவருக்கு ஆராய்ச்சிப் பொருள் அல்ல; அவர் அதற்குள்ளேயே இறங்கினார். மோன்ஷானெனோ மூவொரு கடவுள் கோட்பாட்டுக்கும் அத்வைதத்துக்கும் இடையிலான பள்ளத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. நோயுற்றுப் பிரான்சுக்குச் சென்ற அவர் 1957 அக்டோபர் 10 அன்று பாரிசில் இறந்தார். அபிஷிக்தானந்தர் 1968இல் தண்ணீர்பள்ளியை விட்டு இமயத்தின் உத்தரகாசிக்குப் போனார். 1973 டிசம்பரில் இந்தோரில் காலமானார். நண்பர்களாகவே இருந்தும் ஒத்துப்போகாத இந்த இருவருடைய நேர்மைதான் ஆசிரமத்தின் முதல் சொத்து என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஒருவர் எல்லையைக் காத்தார், மற்றவர் எல்லைக்கு அப்பால் நடந்து பார்த்தார். இரண்டும் பொய்யில்லாமல் நடந்தன.

1968இல் பொறுப்பேற்றவர் ஆங்கிலேய பெனடிக்ட் துறவி பீட் கிரிஃபித்ஸ் (1906–1993). 1955இல் இந்தியா வந்த அவர், பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் மஹியூவுடன் சேர்ந்து 1958இல் கேரள மலைப்பகுதியில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கியவர். அவர் தண்ணீர்பள்ளிக்கு வந்தபோது காலம் மாறியிருந்தது. தரையில் அமர்தல், கைகூப்புதல், ஆரத்தி முதலிய 12 வழிபாட்டு மாற்றங்களுக்கு 1969இல் ரோமாபுரி இசைவு தந்தது. தியானம் தேடிக் கிழக்கே புறப்பட்ட மேலைநாட்டு இளைஞர்கள் எழுபதுகளில் இந்த வாசலையும் மிதித்தார்கள். சொந்த ஊரில் கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டவர்கள், காவிரிக் கரையில் உட்கார்ந்து திருப்பாடல் கேட்டார்கள்.

இங்கே ஒரு நாளின் போக்கைச் சொன்னால் மற்றது விளங்கும். சூரியன் எழும் வேளையிலும் அடையும் வேளையிலும் தியானம். நாளுக்கு மூன்று வேளை கூட்டு வழிபாடு. காலையில் சந்தனம்: அதன் மணம் இறையருளின் அடையாளம். நண்பகலில் புருவ மத்தியில் குங்குமம்: ஞானக்கண். மாலையில் நெற்றியில் திருநீறு: அழுக்கு எரிந்தபின் மிஞ்சுவது. கற்பூர ஆரத்தி உண்டு. விவிலியத்தோடு உபநிடதமும், மாலையில் தமிழ் பக்திக் கவிஞர்களின் பாடல்களும் வாசிக்கப்படுகின்றன. கோவிலும் தென்னிந்தியப் பாணியில் கட்டப்பட்டது. காலை உணவு முடிந்ததும் விருந்தினரும் துறவியரோடு உட்கார்ந்து மதியச் சமையலுக்குக் காய் நறுக்குகிறார்கள். பெனடிக்ட் சொன்ன கைவேலை அரிவாள்மணையும் கத்தியுமாக இங்கே தொடர்கிறது.

எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. கிறிஸ்துவின் தனித்தன்மை கரைந்துபோகிறது என்றனர் கத்தோலிக்கர் சிலர். காவியும் ஓம் எழுத்தும் மதமாற்றத்துக்கான வேடம் என்றனர் இந்துக்கள் சிலர். எண்பதுகளில் இது அச்சில் நீண்ட சர்ச்சையாகவே நடந்தது. இந்த இரண்டாவது கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு சமயத்தின் புனித அடையாளங்களை மற்றொரு சமயத்தார் அணியும்போது, அணிபவரின் மனம் எவ்வளவு தூயதாயினும், அடையாளத்துக்கு உரியவர் வருந்த இடமிருக்கிறது.

புதிய வடிவங்களைத் தேடியது சாந்திவனம் மட்டுமல்ல. திருப்பத்தூரில் மருத்துவர்கள் எஸ். ஏசுதாசனும் ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் சீர்திருத்த சபையாரிடையே இத்தகைய முதல் முயற்சி. அதன் தவம் மருத்துவப் பணி. பிரான்சின் தெசே குழுமம் (1940) பிரிந்த சபையினரை ஒரே மடத்தில் சேர்த்தது. 1975இல் பாரிசில் தோன்றிய எருசலேம் குழுமத்தார் நகரத்தையே பாலைவனமாகக் கொண்டனர். அவர்கள் வாடகை வீட்டில் குடியிருந்து, அரைநாள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, மீதிப் பொழுதை வழிபாட்டுக்குத் தருகிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் சாந்திவனம் பெனடிக்ட் மரபின் கமால்டோலி சபையில் இணைந்தது. பதினோராம் நூற்றாண்டில் புனித ரொமுவால்து தோற்றுவித்த அச்சபை, தனிக்குடில் துறவையும் கூட்டுவாழ்வையும் சேர்த்தே வைத்திருப்பது. குகையை நாடிய அபிஷிக்தானந்தருக்கும் குழுவுக்கு ஏங்கிய மோன்ஷானெனுக்கும் ஒருசேர இடம் தந்திருக்கக்கூடிய வீடு அது. அவர்கள் காலத்தில் வாய்க்கவில்லை. கிரிஃபித்ஸ் 1993 மே 13 அன்று ஆசிரமத்திலேயே தம் குடிலில் உயிர்நீத்தார்.