வாக்குச்சாவடிக்குக் காவல் நின்ற படை: 1988 வடக்கு-கிழக்குத் தேர்தல் பற்றி ஒரு குறிப்பு

இந்திய அமைதிப் படையின் கதை, சென்னையின் மேற்குப் புறத்தில் இருக்கிற எங்களுக்கு ரொம்ப தூரத்துக் கதை இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் பூந்தமல்லியில்தான் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னதும் அங்கேதான். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நான்கு பேருக்கு மட்டும் உறுதி செய்தது. கொலைக்கான நோக்கம் பற்றிய விவாதத்தில், அவர் மறுபடி பதவிக்கு வந்தால் படையைத் திருப்பி அனுப்புவார் என்ற அச்சம் முக்கிய இடம் பிடித்தது. இந்தப் பக்கம் ஆவடியில் பெரிய மையம் வைத்திருக்கும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் அன்று ராணுவத்தோடு இலங்கைக்குப் போனது.

ஆனால் அமைதிப் படை என்றதும் நாம் பேசுவது சண்டையை, சாவை, ஸ்ரீபெரும்புதூரை. அந்தப் படை ஒரு தேர்தலையும் நடத்திக் கொடுத்தது என்பது பேச்சில் வருவதே இல்லை. சண்டை ஓயாத மண்ணில் ஒரு வெளிநாட்டுப் படை தேர்தலுக்குக் காவல் நிற்க முடியுமா என்ற கேள்விக்கு நமக்கு மிக அருகில் கிடைக்கிற உதாரணம் அதுதான். அதனால்தான் இந்தக் குறிப்பு.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணம், அதற்கு ஒரு சபை. தேர்தல் 1987 டிசம்பர் 31-க்குள் முடிய வேண்டும், இந்தியப் பார்வையாளர்கள் அழைக்கப்படுவார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கவனியுங்கள், அதில் இருந்தது 'பார்வையாளர்கள்' என்ற சொல். ஆனால் அக்டோபர் 10-ஆம் தேதி புலிகளுக்கும் அமைதிப் படைக்கும் போர் வெடித்தது. டிசம்பர் கெடு தாண்டிப் போனது. பார்வையாளராக வர வேண்டிய நாடு, போரில் ஒரு தரப்பாகிவிட்டது.

1987 நவம்பரில் 13-ஆவது திருத்தம் நிறைவேறியது. தென்பகுதியின் ஏழு மாகாணங்களுக்கு 1988 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் தேர்தல் நடந்தது. அங்கே ஜே.வி.பி. புறக்கணிக்கச் சொல்லிக் கொலை மிரட்டல் விடுத்தது, கொலையும் செய்தது. செப்டம்பரில் ஜெயவர்தனா வடக்கையும் கிழக்கையும் இணைத்து ஆணை பிறப்பித்தார். வாக்குப்பதிவு நாள் 1988 நவம்பர் 19.

வடக்கில் மொத்தம் 36 இடங்கள். யாழ்ப்பாணம் 19, மன்னார் 5, முல்லைத்தீவு 5, வவுனியா 4, கிளிநொச்சி 3. இவற்றில் ஒன்றுக்குக்கூட வாக்குப்பதிவு நடக்கவில்லை. புலிகள் புறக்கணித்தார்கள், தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. ஈ.பி.ஆர்.எல்.எஃப். 24 இடங்களையும் ஈ.என்.டி.எல்.எஃப். 12 இடங்களையும் போட்டியே இல்லாமல் எடுத்துக்கொண்டன. இரண்டுமே களத்தில் அமைதிப் படையோடு சேர்ந்து புலிகளுக்கு எதிராக நின்ற இயக்கங்கள். சண்டை போடுகிற படையின் கூட்டாளிகள், அதே படையின் பாதுகாப்பில், எதிராளி இல்லாமல் வென்றார்கள். இதைத் தேர்தல் என்று சொல்ல நாக்கு கூசும் இல்லையா?

இங்கேயே நிறுத்திவிட்டு 'போலித் தேர்தல்' என்று முத்திரை குத்துவது எளிது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கிழக்கைப் பார்த்தால் கதை வேறு.

கிழக்கின் 35 இடங்களுக்கு நிஜமாகவே போட்டி இருந்தது. மிரட்டலை மீறி ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஈ.பி.ஆர்.எல்.எஃப்.புக்கு 17, அஷ்ரஃப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸுக்கும் 17, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 1. அந்த ஆண்டுதான் அரசியல் கட்சியாகப் பதிவான முஸ்லிம் காங்கிரஸ், நாட்டை ஆண்ட கட்சியைக் கிழக்கில் ஒற்றை இடத்துக்குத் தள்ளியது. கிழக்கு முஸ்லிம்களுக்குத் தனி அரசியல் குரல் உண்டு என்று எண்ணிக்கையால் காட்டிய நாள் அது. அந்தக் குரல் இன்றுவரை ஓயவில்லை. வாக்குச்சாவடிக்குக் காவல் நின்றவர்கள் அமைதிப் படையினர்தான். அந்தக் காவல் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

இன்னொரு விஷயமும் உண்டு. மூன்றே மாதத்தில், 1989 பிப்ரவரி 15 அன்று, நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதே மண், அதே மக்கள், அதே படை. இந்த முறை மாற்று இருந்தது. புலிகளுக்கு நெருக்கமாகக் கருதப்பட்ட ஈரோஸ், சுயேச்சைக் குழுவாக நின்று 13 இடங்களைப் பெற்றது. ஈ.பி.ஆர்.எல்.எஃப். உட்பட இந்தியாவுக்கு இணக்கமான இயக்கங்களைச் சேர்த்துக்கொண்டு நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்குக் கிடைத்தது 10. அமிர்தலிங்கமே மட்டக்களப்பில் தோற்று, தேசியப் பட்டியல் வழியாகத்தான் உள்ளே போனார்.

இந்த முடிவை எப்படிப் படிப்பது? படை விரும்பாதவர்களும் வெல்ல முடிந்திருக்கிறது என்றால், வாக்குப்பெட்டி முழுக்கப் படையின் கையில் இல்லை என்று அர்த்தம். அதே சமயம், நவம்பரில் வடக்குக்கு இப்படி ஒரு தெரிவு கிடைத்திருந்தால் சபையின் முகமே வேறாக இருந்திருக்கும். என் கணிப்பில் 1988 தேர்தலின் நோய் வாக்குச்சாவடியில் இல்லை. வேட்புமனு மேசையில்தான் இருந்தது. படை வாக்காளரைக் காத்தது. ஆனால் வேட்பாளராக நிற்கும் தைரியத்தை எல்லாத் தரப்புக்கும் அதனால் கொடுக்க முடியவில்லை. தானே ஒரு தரப்பாக இருக்கும்போது எப்படிக் கொடுக்கும்?

சரியாக இதே காலத்தில் நமீபியாவில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். 1989 நவம்பரில் அங்கே ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல். அந்த ஐ.நா. படையின் தளபதி திவான் பிரேம் சந்த், ஓய்வுபெற்ற இந்திய ராணுவ அதிகாரி. அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்த ஸ்வாபோ இயக்கமே தேர்தலில் நின்றது, 72-ல் 41 இடங்களை வென்றது, ஆட்சி அமைத்தது. 1990 மார்ச் 21 அன்று நமீபியா சுதந்திர நாடு. மூன்று நாள் கழித்து, மார்ச் 24 அன்று, திருகோணமலையிலிருந்து அமைதிப் படையின் கடைசி அணி கப்பல் ஏறியது. இந்திய ராணுவ மரபில் வந்தவர்கள்தான் இரண்டு இடத்திலும். வித்தியாசம் சிப்பாயின் திறமையில் இல்லை, யாருடைய சம்மதத்தோடு போனார்கள் என்பதில் இருந்தது.

சபைக்கு என்ன ஆச்சு? 1988 டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார், தலைமையிடம் திருகோணமலை. ஆனால் பணம் கொழும்பிலிருந்து வர வேண்டும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. காவல் அதிகாரம் காகிதத்தோடு சரி. அடுத்து வந்த பிரேமதாசா 1989 ஜூனில் படையை வெளியேறச் சொன்னார். படை போகப்போகிறது என்று தெரிந்ததும், சபையைக் காக்க ஒரு படை வேண்டும் என்று இளைஞர்களைக் கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்தார்கள். மக்களிடம் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அதில் போனது. 1990 மார்ச் 1-ஆம் தேதி ஈழப் பிரகடனம் ஒன்றை வாசித்துவிட்டுப் பெருமாள் இந்தியா வந்தார். ஜூன் 19 அன்று, சென்னை கோடம்பாக்கத்தில், ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் உடனிருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். திரும்பி வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி துறைமுகத்துக்குப் போகவில்லை.

2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் வடக்கு-கிழக்கு இணைப்பு செல்லாது என்றது. வடக்கு மாகாண வாக்காளர் தன் சபைக்காக முதன்முதலாக உண்மையிலேயே ஓட்டுப் போட்டது 2013 செப்டம்பர் 21 அன்று. 38-ல் 30 இடங்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. விக்னேஸ்வரன் முதலமைச்சர். அந்தச் சபையின் காலம் 2018-ல் முடிந்தது, அடுத்த தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. இந்த முறை துப்பாக்கி மிரட்டலும் இல்லை, வெளிநாட்டுப் படையும் இல்லை. சண்டை நடந்தபோது அவசர அவசரமாக நடத்தப்பட்ட தேர்தல், சண்டை ஓய்ந்த பிறகு அவசரமே இல்லாத விஷயமாகிவிட்டது. யாழ்ப்பாணத்து வாக்காளருக்கு இரண்டுமே ஒன்றுதான்: தேதியை முடிவு செய்கிறவர் எப்போதும் வேறு யாரோ.