சாம்பல் சூட்டில் ஒரு சரித்திரம்

மார்கழி விடியலில் புதுக்கோட்டைப் பக்கம் ஏதாவது கிராமத்துக்குப் போயிருக்கீங்களா? அணைஞ்ச விறகடுப்புச் சாம்பல்ல நாய் சுருண்டு கிடக்கும். நம்ம நாட்டு நாய்களுக்கு ரோமம் குட்டை. அதான் சூட்டைத் தேடுது.

மனுஷனும் நாயும் ஒண்ணா இருக்கிறது ரொம்பப் பழைய கதை. ஜெர்மனியின் ஓபர்காசலில் 1914ல மனுஷங்களோட சேர்த்துப் புதைச்ச நாயின் எலும்பு கிடைச்சது. வயசு சுமார் 14,000 வருஷம்!

இடம் கொடுத்ததுக்கு நாய் என்ன திருப்பிக் கொடுத்துச்சு? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தியோட, கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்ன அவரோட நாயும் அதுல இருக்கு. பேர் கோவிவன். நாயோட பேரையே கல்லுல வெட்டி வச்சிருக்காங்க.

இப்போ விறகடுப்பு போய் கேஸ் வந்தாச்சு. சாம்பல் இல்லாத தெருநாய், ஓடி நின்ன காரோட இன்ஜின் சூட்டுக்கு அடியில போய்ப் படுக்குது. நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கும் முன்னாடி, ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அங்க ஒரு கோவிவன் தூங்கிட்டு இருக்கலாம்.