தும்மினால் சிறுநீர் கசிகிறதா? ரீல்ஸ் பார்த்து கெகல் செய்யும் புது அம்மாக்களே, ஒரு நிமிஷம்!

'தும்மினா லேசா லீக் ஆகுது', 'சத்தமா சிரிக்கவே பயமா இருக்கு...' குழந்தை பெற்ற பெண்கள் பலருக்கும் இருக்கும் பிரச்னை இது. வீட்டில் சொன்னால் 'எல்லாருக்கும் அப்படித்தான், போகப்போகச் சரியாகிடும்' என்பார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சம். அதனால், ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் தேடுகிறார்கள்.

தேடுவதில் தப்பே இல்லை. பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சிறுநீர்க்கசிவு இருக்கிறது. 'நமக்கு மட்டும்தானா' என்ற குற்ற உணர்வைப் போக்கவே ஒரு நல்ல வீடியோ உதவும். ஆனால், பார்த்ததைச் சரியாகச் செய்கிறோமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் கசிகிறது?

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தூளி போலத் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பகால எடையாலும் பிரசவத்தாலும் இவை தளர்ந்துவிடும். தும்மும்போது வயிற்றில் ஏற்படும் அழுத்தத்தை அவற்றால் தாங்க முடியாமல் சிறுநீர் கசிகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வரலாம்.

இந்தத் தசைகளை வலுப்படுத்துவதுதான் கெகல் பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948-ல் இதுபற்றி எழுதினார். அதனால்தான் அவர் பெயரே பயிற்சிக்கும் நிலைத்துவிட்டது.

வீடியோவில் தெரியாத தசை

ஸ்குவாட் என்றால் பார்த்து அப்படியே செய்யலாம். இடுப்புத்தளத் தசை அசைவது வெளியே தெரியாதே! அதனால் பலரும் தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கிவிட்டு, கெகல் செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் கீழ்நோக்கி முக்கவும் செய்கிறார்கள். இது பிரச்னையைக் கூட்டும்.

சரியான முறை இதுதான்:

* வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல, தசையை உள்ளே மேல்நோக்கி இழுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

* முடிந்தவரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். மெதுவாக 10 விநாடி வரை கூட்டலாம்.

* ஒரு தடவைக்கு 8 முறை, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம்.

* சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள்.

* தும்மல், இருமல் வரப்போகிறதா? அதற்கு முந்தைய நொடியில் தசையை இறுக்கிப் பிடியுங்கள். கசிவு குறையும்.

எந்த ரீலை நம்பலாம்?

பேசுபவர் மகப்பேறு மருத்துவரா, பிசியோதெரபிஸ்டா என்று புரொஃபைலில் பாருங்கள். '7 நாளில் கியாரன்ட்டி' என்றாலோ, கடைசியில் பவுடரோ பெல்ட்டோ விற்றாலோ ஸ்க்ரோல் செய்துவிடுங்கள். 'டாக்டரைப் பார்க்கவே வேண்டாம்' என்பவரையும்தான். நல்ல வீடியோ ஒன்றை சேவ் செய்து, போனில் மூன்று வேளைக்கும் அலாரம் வையுங்கள். பத்து வீடியோ பார்ப்பதைவிட ஒன்றை மூன்று மாதம் விடாமல் செய்வதே பலன் தரும்.

தண்ணீரைக் குறைக்காதீங்க!

கசிவுக்குப் பயந்தும், பத்தியம் என்றும் பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இதனால் சிறுநீர் அடர்த்தியாகி, சிறுநீர்ப்பையை உறுத்தும்; மலச்சிக்கலும் வரும். மலம் கழிக்க முக்கினால் அதே தசைகள்தான் மேலும் தளரும். காபி, டீயைக் குறைக்கலாம், தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

எப்போது டாக்டர்?

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் கழிக்க முடியாமை, மலக்கசிவு, பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு... இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாவிட்டாலும், 3 மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கசிவு நிற்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். சரியான தசையைத்தான் இயக்குகிறீர்களா என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ பரிசோதித்துச் சொல்வார். எந்த ரீலும் செய்ய முடியாத வேலை அது.

பிரசவத்துக்குப் பிறகு கசிவு வருவது சகஜம்தான். அதற்காக அதோடேயே வாழப் பழகிக்கொள்ள வேண்டியதில்லை தோழிகளே!