வளையம் கோர்த்த இருபது டொலர்

எங்களில் ஒருவர் அண்மையில் சென்னைக்குப் போய்வந்தார். போகும் அவசரத்தில் மாற்ற மறந்த இலங்கைக் காசு, பதினையாயிரம் ரூபா, பைக்குள் கிடந்திருக்கிறது. கடைசி இரண்டு நாளும் கைச்செலவுக்குக் காணாமல் போக, அதை நாணயம் மாற்றும் கடை ஒன்றுக்குக் கொண்டு போனார். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிலோன் காசா? இங்க போகாதுங்க" என்று நீட்டிவிட்டார். இன்னொரு கடையில் எடுத்தார்கள். ஆனால் போனில் பார்த்த விலைக்கும் கையில் கிடைத்ததுக்கும் கனக்க வித்தியாசம்.

"இங்க காசு எண்டு வச்சிருந்தன், அங்க அது படம் போட்ட கடதாசி" என்று அவர் சொன்னார். எங்களுக்கு இது புதுசு இல்லைத்தான். 2022 இல் சுமார் 200 ரூபாவாக நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360 ஐத் தொட்டபோது, ஒரு இடமும் போகாமல் வீட்டுக்குள் இருந்தபடியே எங்கட காசு உருகுவதைப் பார்த்த ஆட்கள் நாங்கள். ஆனாலும் ஒரு கேள்வி கிளம்பியது: ஒரு ஊரின் காசு இன்னொரு ஊரில் காசாக இருப்பதும் இல்லாமல் போவதும் எதைப் பொறுத்தது? அதைத் தேடிப் போன இடத்தில்தான் இந்தக் கதை அகப்பட்டது. இதில் மதிப்பில்லாமல் போகிறது அமெரிக்க டொலர். ஊர் கொழும்பு, வருடம் 1889.

நியூயோர்க்கில் 'வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த நெல்லி பிளை, உலகத்தை 80 நாளுக்குள் சுற்றிக் காட்டுகிறேன் என்று 1889 நவம்பர் 14 ஆம் திகதி கப்பல் ஏறினார். வயது 25. தனிப் பெண், கையில் ஒரே ஒரு சின்னப் பை. 72 நாளில் முடித்துவிட்டு ஊர் திரும்பி, பிறகு அதைப் புத்தகமாகவும் எழுதினார். நாங்கள் வாசித்தபோது கண்ணைப் பிடித்தது வேகம் இல்லை, அவர் காசைக் கொண்டுபோன விதம். 200 பவுணை இங்கிலாந்துப் பொன் காசாகவும் பாங்க் ஒஃப் இங்கிலாந்துத் தாளாகவும் எடுத்திருக்கிறார். பொன் காசு சட்டைப் பைக்குள். தாள்களை ஒரு தோல் பையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டார். அதுக்கு மேல் கொஞ்சம் அமெரிக்கப் பொன்னும் தாளும். அது செலவுக்கு இல்லை, சோதனைக்கு: அமெரிக்கக் காசை வெளி உலகத்தில் யாருக்கும் தெரியுமா என்று துறைமுகம் துறைமுகமாக நீட்டிப் பார்க்க.

டிசம்பர் மாதம் கப்பல் கொழும்புக்கு வந்தது. அடுத்த கப்பல் உடனே கிளம்பவில்லை. இன்னொரு கப்பலின் பயணிகள் வந்து சேரும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு ஓடுகிற ஆளுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! தங்கியது துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில். யோர்க் வீதியில் இன்றைக்கும் அந்தக் கட்டிடம் நிற்கிறது.

அமெரிக்கக் காசை முதன்முதலாகக் கண்ட இடம் கொழும்புதான் என்று நெல்லி எழுதுகிறார். கண்டது கல்லாப்பெட்டியில் இல்லை, ஆட்களின் நெஞ்சில். இரத்தினக்கல் வியாபாரிகள் இருபது டொலர் பொன் காசில் வளையம் கோர்த்து மணிக்கூட்டுச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்களாம். எவ்வளவு தொங்குதோ அவ்வளவு பெரிய வியாபாரி. ஒரே சங்கிலியில் இருபது காசு வரைக்கும் தொங்கியதைக் கண்டதாகச் சொல்கிறார். அப்படிப்பட்ட காசுக்கு அவர்கள் முகப்பெறுமதிக்கு மேலேயே கொடுத்து வாங்கினார்கள். ஆனால் இவர் தன் செலவுக்கு அமெரிக்கக் காசை நீட்டியபோது, நூற்றுக்கு 60 கழித்துத்தான் எடுப்போம் என்றார்கள். பத்து டொலர் கொடுத்தால் நாலு டொலருக்குத்தான் கணக்கு.

நெல்லி இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எங்களுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியில் பவுண் காசு கோர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன அதிசயம்? நகைக்கடையில் "எத்தனை பவுண்?" என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அந்தச் சொல்லே ஒரு காசின் பெயர்தான். இங்கிலாந்துப் பொன் காசின் நிறை 7.98 கிராம். எங்கட பவுண் 8 கிராம். பிரித்தானிய அரசு போய்விட்டது, அதன் காசு ஒரு நிறையாகத் தங்கிவிட்டது.

ஒரே நாட்டுக் காசுக்கு ஒரே ஊரில் எப்படி இரண்டு விலை? எங்கட விளக்கம் இது. இருபது டொலர் காசு 33 கிராமுக்கு மேலே நிறை, பத்தில் ஒன்பது பங்கு சுத்தப் பொன். அதை வாங்குகிற இரத்தின வியாபாரிக்கு அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியத் தேவையில்லை, தராசு போதும். ஹோட்டல் கணக்குப்பிள்ளையின் நிலைமை வேறு. அவர் வாங்கினால் அதை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். கொழும்பில் யாருக்கு டொலர் தேவை? கோப்பியும் தேயிலையும் போனது லண்டனுக்கு. வங்கி உண்டியல்கள் எழுதப்பட்டதும் லண்டன் மீதுதான். நியூயோர்க்குக்குக் காசு அனுப்ப வேண்டியவர் ஊரில் அரிது. ஆகவே அந்த நூற்றுக்கு 60 என்பது அமெரிக்காவின் மதிப்பு இல்லை. அதைத் திருப்பி மாற்றுகிற தலையிடியின் விலை. கூடவே நாளைக்கே கப்பல் ஏறப்போகிற ஆள், பேரம் பேச நேரமில்லாதவர் என்பதும் கணக்கில் சேர்ந்திருக்கும். சென்னைக் கடைக்காரர் எங்கட நண்பரிடம் பிடித்ததும் இதே விலையைத்தான்.

இந்தத் தீவில் அந்நியக் காசைக் கையில் வைத்து உருட்டிப் பார்க்கிற கதை மிகப் பழையது. உரோம எழுத்தாளர் பிளினி சொல்கிற கதை முதலாம் நூற்றாண்டில், குளோடியஸ் பேரரசரின் காலத்தில் நடக்கிறது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இங்கே கரையேறுகிறார். அவரிடம் இருந்த வெள்ளிக் காசுகளை அரசன் பார்க்கிறான். காசுக்குக் காசு தலை உருவம் வேறு, அதாவது வேறு வேறு பேரரசர்கள். ஆனால் நிறை மட்டும் ஒன்று. ஆள் மாறியும் நிறையை மாற்றாத ஊர் நேர்மையான ஊர்தான் என்று அரசன் மெச்சினானாம். (பத்து இருபது வருடத்தில், கி.பி. 64 அளவில், நீரோ அந்த நிறையைக் குறைத்துவிட்டார். அரசனுக்கு யாரும் சொன்னார்களோ தெரியாது.) ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் எழுதிய கதையிலும் இதே காட்சி வருகிறது: உரோம வணிகனும் பாரசீக வணிகனும் தங்கள் அரசர்களில் பெரியவர் யார் என்று இங்கத்தைய அரசன் முன்னால் வாக்குவாதப்பட, உரோமன் இரண்டு நாட்டுக் காசையும் எடுத்து வைக்கிறான், பொன் காசு வெள்ளிக் காசை வென்றுவிடுகிறது. உரோமப் பக்கத்து ஆட்கள் எழுதிய கதையில் உரோமக் காசு தோற்கவா போகிறது? உண்மையாக நடந்ததா என்று சந்தேகிக்கிற ஆய்வாளர்களும் உண்டு. மண்ணைத் தோண்டினால் வருவது வேறு. இலங்கையில் உரோமப் பொன் காசு அபூர்வம். ஆயிரக்கணக்கில் கிடைப்பது நாலாம் ஐந்தாம் நூற்றாண்டின் சின்னச் செப்புக் காசு, அதோடு அதைப் பார்த்து இங்கேயே செய்த போலிகளும். அரசனுக்கு முன்னால் பொன் மின்னியிருக்கலாம். சந்தையில் கைமாறியது தேய்ந்த செம்புதான்.

திரும்பக் கொழும்புக்கு வருவோம். நெல்லி நீட்டியவற்றில் தாளும் இருந்திருந்தால், அந்த ஊர் தயங்கியதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாள் காசு என்ன செய்யும் என்று கொழும்பு அஞ்சு வருடத்துக்கு முன்னர்தான் பட்டுத் தெளிந்திருந்தது. அந்த நாளில் இலங்கையில் தாள் அடித்தது அரசாங்கம் இல்லை, தனியார் வங்கிகள். அதில் பெரியது ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். கோப்பித் தோட்டங்களுக்கு அள்ளிக் கடன் கொடுத்திருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைத் துரு நோய் கோப்பியைத் தின்று முடிக்க, 1884 மே 3 ஆம் திகதி வங்கி கதவைச் சாத்தியது. நேற்றுவரை காசாக இருந்தது அன்றைக்குக் கடதாசி. தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. அந்த அடியோடுதான் தாள் அடிக்கிற வேலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1884 இல் சட்டம், 1885 இலிருந்து அரசாங்கத் தாள்.

தாள் பத்திரமாகிவிட்டது, ரூபா ஆகவில்லை. இலங்கையின் ரூபா இந்திய வெள்ளி ரூபாதான். 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். உலகச் சந்தையில் வெள்ளி விழ விழ, நெல்லி இறங்கிய காலத்தில் அது சுமார் 16 பென்ஸ். பொன் பவுணோடு இறங்கிய பயணிக்குக் கொழும்பு மலிவாகிக்கொண்டே போனது. இந்தக் கணக்கில் உண்மையாக லாபம் பார்த்தவர்கள் கப்பலில் வந்து போனவர்கள் இல்லை, தோட்டத் துரைமார். தேயிலையை லண்டனில் பவுணுக்கு விற்றார்கள், கூலியை இங்கே ரூபாவில் கொடுத்தார்கள். பவுண் அதே பவுண். அதுக்குக் கிடைக்கிற ரூபா மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டு வந்தது. கூலி அதே வேகத்தில் கூடவில்லை.

அந்தக் கூலியை வாங்கியவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான். நெல்லி வந்த அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வள்ளம் ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். அவர்கள் மாற்றிக்கொள்ள ஒரு காசும் கொண்டுவரவில்லை. வழிச்செலவே கங்காணி கொடுத்த முற்பணம், ஆகவே கரையில் கால் வைக்கும்போதே கடன். பிறகு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் கையில் 'துண்டு' வேண்டும். கங்காணியும் அவரோடு வந்தவர்களும் இவ்வளவு கடன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கிற ஒரு சீட்டு அது. அந்தத் தொகையைக் கட்டுகிற துரை அவர்களை எடுத்துக்கொள்ளலாம்.

நெல்லியின் டொலரைக் கொழும்பு கழித்து எடுத்தது, ஓரியன்டல் வங்கியின் தாளை ஒரு நாள் எடுக்கவே இல்லை. துண்டை மட்டும் எந்தத் தோட்டமும் கழிவு பிடிக்காமல், எழுதிய தொகைக்கே எடுத்தது. 1921 இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.