மணி அடித்தால் அடுத்த மேஜை

மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வில் ஒரு காலத்தில் அதிர்ஷ்டமும் உட்கார்ந்து மார்க் போட்டது. 1960களில் பிரிட்டனில் இருந்த வழக்கம் இது: மாணவருக்கு ஒரு நோயாளியைக் கொடுத்துவிடுவார்கள். சுமார் ஒரு மணி நேரம் விசாரித்து, பரிசோதித்து, பிறகு தேர்வாளர்கள் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். 'லாங் கேஸ்' என்று பெயர். ஒருவருக்குத் தன் நோய்க்கதை முழுவதையும் தானே கொட்டிவிடும் நோயாளி கிடைப்பார். இன்னொருவருக்கு வாயே திறக்காதவர்! இதைவிட வேடிக்கை, பரிசோதிக்கும்போது தேர்வாளர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பதில்லை. மாணவர் நோயாளியை எப்படித் தொட்டார், என்ன கேட்டார் என்பதைப் பார்க்காமலே மார்க் போட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு குழு, மாணவர்களை விட்டுவிட்டுத் தேர்வாளர்களையே சோதித்துப் பார்த்தது. (ஆடிட்டரை ஆடிட் செய்வது மாதிரி.) 1969ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஒரே மாணவருக்கு ஆளுக்கு ஆள் வேறு மார்க். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ரொனால்ட் ஹார்டன். பின்னர் டண்டீ பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

1975ல் ஹார்டனும் சகாக்களும் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் புதிய திட்டத்தை வெளியிட்டார்கள். வார்டில் வரிசையாகப் பல நிலையங்கள். ஒன்றில் நோயாளியிடம் விவரம் கேட்க வேண்டும், ஒன்றில் உடலின் ஒரு பகுதியை மட்டும் பரிசோதிக்க வேண்டும், ஒன்றில் பரிசோதனைக்கூட முடிவைப் படித்துச் சொல்ல வேண்டும். நேரம் முடிந்ததும் எல்லாரும் ஒரு இடம் நகர்வார்கள். முந்தைய நிலையத்தில் கண்டதைப் பற்றிய கேள்வி அடுத்த நிலையத்தில் காத்திருக்கும்; திரும்பிப் போய் விட்டதைப் பார்த்துக்கொள்ள முடியாது. எல்லா மாணவருக்கும் அதே கேள்விகள், அதே தேர்வாளர்கள். எதற்கு எத்தனை மார்க் என்பதும் முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டிருக்கும். அதாவது, தேர்வாளரின் வேலையில் பாதி தேர்வு நாளுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இந்த முறையைத்தான் 'ஆஸ்கி' என்கிறார்கள்.

ஒரே நோயாளி நூறு பேரிடம் சலிக்காமல் வயிற்றைக் காட்ட முடியுமா? இதற்கான விடை அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963லேயே, ஆரோக்கியமான ஒரு பெண்ணை நரம்பு நோயாளியாக நடிக்கப் பழக்கியிருந்தார். ஆஸ்கியும் நடிப்பு நோயாளியும் பிறகு நன்றாகச் சேர்ந்துகொண்டன.

நியாயமான தேர்வுதான், ஆனால் செலவு அதிகம். இடம், நடிகர்கள், தேர்வாளர்கள் எல்லாம் வேண்டுமே! அமெரிக்கா 2004ல் மருத்துவ உரிமத்துக்காக நடிப்பு நோயாளிகளை வைத்து ஒரு தேர்வைக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் ஐந்தே மையங்கள். கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டியது, பயணச் செலவு தனி. மாணவர்கள் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். 2020ல் கொரோனாவால் நின்ற அந்தத் தேர்வு, 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது.

பிரிட்டன் விடவில்லை. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகிற பலர், 'பிளாப்' இரண்டாம் கட்டத் தேர்வுக்காக மான்செஸ்டர் போய் இப்படித்தான் நிலையம் நிலையமாக நகர்கிறார்கள்.