400 கன அங்குல வேலி

1969ஆம் ஆண்டின் ஷெவர்லே கமாரோ ஒன்றைத் துருப்பிடித்த கூடாக வாங்கி, அதனுள் 427 கன அங்குல 'பிக் பிளாக்' இஞ்சினைப் பொருத்தி, அக்காலத்து மஸில் காராக மீட்டெடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கார்ப்பித்தர் பலரின் நெடுநாட் கனவு. அசலைப் போலவே ஒவ்வொரு திருகாணியும் அமைய வேண்டும் என்று அவர்கள் திட்டமிடுவதைக் காணும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. எந்த அசல்? அவ்வாண்டின் விலைப்பட்டியலில் 427 கன அங்குல இஞ்சினுடன் கூடிய கமாரோ என்றொரு கார் இல்லவே இல்லையே! பட்டியலில் இல்லாத கார் தெருவில் ஓடியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் படித்தவர்க்கு இஞ்சினோடு என்ன உறவு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

'பிக் பிளாக்' என்பதை முதலில் விளக்கிவிடுவோம். ஷெவர்லே 1955இல் வெளியிட்ட வி-8 இஞ்சினில் அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே உள்ள தொலைவு 4.40 அங்குலம். 1965இல் வந்த புதிய வி-8 இஞ்சினில் அது 4.84 அங்குலம். சிலிண்டர்களைத் தாங்கும் அந்தப் பெரிய வார்ப்பிரும்பு உடலே 'பிக் பிளாக்'. ஆகவே பெரிது, சிறிது என்பன உடலின் அளவைக் குறித்தனவே அன்றிக் கொள்ளளவைக் குறித்தன அல்ல. 1970இல் சிறிய பிளாக்கே 400 கன அங்குலத்தை எட்டிவிட்டது. 1965இன் பெரிய பிளாக்கோ 396இல்தான் தொடங்கியது. 427 கன அங்குலம் என்பது ஏறத்தாழ 7 லிட்டர். நம் தெருக்களில் ஓடிய மாருதி 800இன் இஞ்சின் 796 சி.சி. என்பதை நினைவிற்கொண்டால் அளவு விளங்கும்.

இனி வேலியின் கதை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் பிரிவுகள் அனைத்தும் கார்ப் பந்தயங்களிலிருந்து விலக வேண்டுமென்று ஆணையிட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சின் கூடாது என்னும் உள்விதியும் அப்போது நடப்பில் இருந்தது. பந்தயப் புகழையே விளம்பரமாகக் கொண்டு வாழ்ந்த போன்டியாக் பிரிவுக்கு இது பேரிடி. அப்பிரிவின் தலைமைப் பொறியாளரான ஜான் டிலோரியனும் அவருடைய தோழர்களும் விதியைக் கூர்ந்து படித்தனர். விதி காரின் அடிப்படை இஞ்சினைத்தான் கட்டுப்படுத்தியது. வாங்குபவர் கூடுதல் விலை தந்து கேட்டுப் பெறும் விருப்பப் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை! டெம்பெஸ்ட் என்னும் நடுத்தரக் காரில் பெரிய காருக்குரிய 389 கன அங்குல இஞ்சினை 'விருப்பப் பொருளாக' வைத்தார்கள். 1964இன் ஜி.டி.ஓ. இப்படிப் பிறந்தது. பெயரைக்கூட இத்தாலிய ஃபெராரியிடமிருந்து சற்றும் கூச்சமின்றி எடுத்துக்கொண்டனர். விற்பனைப் பிரிவினர் 5,000 கார்களுக்கு மேல் விலைபோகுமா என்று ஐயுற, முதலாண்டிலேயே 32,000க்கு மேல் விற்றது.

விற்பனை வெற்றி விதியை வளைத்தது, ஆனால் ஒழித்துவிடவில்லை. எல்லை 400 கன அங்குலத்துக்கு உயர்ந்தது, அவ்வளவே. கார்வெட் என்னும் விளையாட்டுக் காருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1967ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த கமாரோ இந்த வேலிக்குள் அகப்பட்டது. அதற்கு 396தான் உச்சம். போட்டி நிறுவனமான கிரைஸ்லரோ, 1964இன் டேட்டோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டிக்கு வெற்றி தேடித்தந்த 426 கன அங்குல 'ஹெமி' இஞ்சினை 1966 முதல் தெருக்கார்களிலேயே விற்கத் தொடங்கிவிட்டது. ஷெவர்லே டீலர்கள் கைகட்டி நிற்பார்களா?

பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் டான் யென்கோ, சிகாகோவில் நிக்கி, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பால்ட்வின்-மோஷன் எனச் சிலர் ஒரு வழி கண்டனர். 396 பூட்டிய புத்தம்புதிய கமாரோவை வரவழைப்பார்கள். அந்த இஞ்சினைக் கழற்றிவிட்டுக் கார்வெட்டுக்குரிய 427ஐ இறக்குவார்கள். வெளிப்புற அளவில் இரண்டும் ஒன்றே ஆதலால் தாங்கிகளை மாற்ற வேண்டிய தொல்லையும் இல்லை. ஒன்றே ஒன்று குறை: தொழிற்சாலையின் உத்தரவாதம். இஞ்சினை மாற்றிய காருக்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

இங்கேதான், நம் பார்வையில், இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி வருகிறது. ஷெவர்லேயில் 'மைய அலுவலக உற்பத்தி ஆணை' என்றொரு நடைமுறை இருந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கோப்போ' என்பர். டாக்சிக் கம்பெனிக்கு உழைக்கும் இருக்கைத் துணி வேண்டும், காவல் துறைக்குத் தனி மின்கம்பிகள் வேண்டும் என்பன போன்ற மொத்தக் கொள்முதல் கோரிக்கைகளுக்காக ஏற்பட்ட அலுவலக வழி அது. பட்டியலில் இல்லாததைக் கேட்கும் படிவம் என்று சுருக்கமாகக் கூறலாம். 1969ஆம் ஆண்டு மாதிரிக்கு, ஷெவர்லேயின் வின்ஸ் பிகின்ஸ் என்பாரின் துணையோடு, யென்கோ இந்தப் படிவத்தின் வழியே 427 கமாரோவைக் கேட்டார். ஆணை எண் 9561. தொழிற்சாலையே இரும்புப் பிளாக் 427ஐப் பூட்டி அனுப்பியது, உத்தரவாதமும் கிடைத்தது. மேலிடத்தின் விதியை மீறாமல், விதி நோக்காத ஒரு மேசையின் வழியே கார் வெளியேறிற்று. யென்கோ மட்டும் ஏறத்தாழ 200 கார்கள் பெற்றார். அக்கார்களின் தோற்றமோ வெகு எளிமை. இரும்புச் சக்கரம், சிறிய மூடி. இஞ்சினின் பெயரைச் சொல்லும் சின்னம் எங்கும் இல்லை.

இன்னோர் ஆணை 9560. இதில் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியத்தால் ஆன இசட்.எல். 1 என்னும் 427. எடை சிறிய பிளாக்கின் அளவே. இல்லினாய் மாநிலத்து லா ஹார்ப் என்னும் சிற்றூரின் டீலர் பிரெட் கிப், பந்தய அமைப்பின் விதிப்படி 50 கார்கள் தேவை என்பதால் துணிந்து ஐம்பதையும் கேட்டார். இஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் என்று விலைச்சீட்டு வந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! காரின் முழு விலை 7,200 டாலரைத் தாண்டிற்று. அதாவது சாதாரண கமாரோவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலானவற்றைக் கம்பெனி திரும்பப் பெற்றுப் பிற டீலர்களிடம் பகிர்ந்தளித்தது. மொத்தம் 69 கார்களோடு உற்பத்தி நின்றது. சில கார்கள் 1970களின் தொடக்கம் வரை விலைபோகாமல் கிடந்தன. இன்று ஏலக்கூடங்களில் செல்வர்கள் போட்டியிடுவது, அன்று வாங்க ஆளில்லாமல் கிடந்த அதே கார்களுக்குத்தான்.

1970இல் வேலி நீங்கிற்று. ஷெவெல்லில் 454 கன அங்குலம், 450 குதிரைத்திறன் என்று ஷெவர்லே அறிவித்தது. நீங்கிய வேலிக்கு அப்பால் நெடுந்தூரம் ஓட வாய்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின; 1970 டிசம்பரில் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தாயிற்று; 1971 மாதிரிகளில் ஈயம் குறைந்த பெட்ரோலுக்கேற்ப அழுத்த விகிதம் இறக்கப்பட்டது; 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. இவ்வீழ்ச்சியை விளக்குவோர் ஒரு புள்ளிவிவரத்தை மட்டும் தவறாமல் தவறாகப் படிக்கின்றனர். ஷெவெல் 454இன் திறன் 1971இல் 365, 1972இல் 270. ஓராண்டில் 95 குதிரைகள் மடிந்தனவா? பெரும்பகுதி காகிதத்தில் மடிந்தவை! முன்பு காற்று வடிகட்டி, சைலன்சர் முதலியன இன்றி வெற்று இஞ்சினை மேடையில் ஏற்றி அளந்தனர். 1972 முதல் அவை அனைத்தும் பூட்டி அளந்தனர்.

இவற்றை அறிந்தபின் கனவுத் திட்டத்துக்கு வருவோம். 1969இன் கமாரோவில் அடிச்சட்ட எண்ணைப் படித்தால் இஞ்சின் ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா என்பது தெரியும். எந்த வி-8 என்பது தெரியாது. எனவே ஒரு கார் உண்மையான கோப்போதானா என்று நிறுவ டீலரின் விலைச்சீட்டும், இருக்கைக் கம்பிச்சுருளுக்குள்ளோ பெட்ரோல் டாங்கின் மேலோ சிலவேளை அகப்படும் தொழிற்சாலைத் தாளுமே சான்றுகள். ஏட்டுச் சுவடியில் இடைச்செருகலைத் தேடும் பதிப்பாசிரியரின் பாடுதான்! விலை ஏறிய பொருளாதலால் போலித் தாள்களும் புதிதாகப் பொறித்த எண்களும் உலவுகின்றன. நம் கருத்து இது: சான்றில்லாத சாதாரண வி-8 கமாரோவை வாங்கி, 427 இறக்கி, இது நாம் செய்தது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. 1967இல் டீலர்கள் செய்ததும் அதுவே. அதே காரில் கோப்போ என்ற பொய்த்தாளை ஒட்டுவதுதான் இழுக்கு.

இஞ்சினை அப்படியே மீட்பதிலும் ஓர் இடர் உண்டு. 9561இன் அழுத்த விகிதம் 11க்கு 1. அது ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோலை நம்பி அமைந்தது. அமெரிக்காவில் 1996இல் தெருக்கார்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. இன்றைய உயர்தரப் பெட்ரோலில் இரும்பு ஹெட்டுடன் அவ்விகிதத்தை வைத்தால் இஞ்சின் தட்டும்; பிஸ்டன் உடையவும் கூடும். அதனால் திட்டமிடுவோர் சுமார் 9.5க்கு இறங்குகின்றனர், அலுமினிய ஹெட் பூட்டினால் ஒரு புள்ளி ஏறலாம். ஈயமின்றி வால்வு அமரும் இடம் தேய்வதால் கடினப்படுத்திய வளையங்களும் வேண்டும். அசல் உறுப்பு வேண்டுமா, ஓடும் கார் வேண்டுமா என்று இங்கே ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

பணமுடையோர்க்கு வேறு வழியும் திறந்திருக்கிறது. 1969இன் கமாரோ உடற்கூடு புதிதாகவே வார்த்தெடுக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது. ஷெவர்லே 2021இல் 632 கன அங்குலமும் 1,004 குதிரைத்திறனும் கொண்ட பிக் பிளாக்கை அறிவித்தது. இரண்டையும் சேர்த்தால், 1969இன் உறுப்பு ஒன்றுகூட இல்லாத 1969 கமாரோ!

எந்த வழியில் போனாலும் இரும்புப் பெரிய பிளாக் முன்சக்கரங்களின்மீது சிறியதைவிட ஏறத்தாழ 50 கிலோ கூடுதலாகச் சுமத்தும். திட்டத்தாள்களில் இஞ்சினுக்கு ஒரு பக்கமும் பிரேக்குக்கு ஒரு வரியும் ஒதுக்குவோர் இதைக் கருதுவதில்லை. 9561 ஆணையை எழுதிய டீலர்கூட, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கைச் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது; அதில்லாமல் தொழிற்சாலை அந்த 427ஐத் தரவில்லை.