'லி' என்னும் வால் முளைத்த கதை

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் எவரும் தப்ப முடியாத பாடம் ஒன்று உண்டு. பெயரை விசேடிப்பது பெயரடை. வினையை விசேடிப்பது வினையடை. பெயரடையின் முடிவில் 'லி' என்று ஒட்டினால் வினையடை பிறந்துவிடும். 'ஸ்லோ' என்றால் மெதுவான, 'ஸ்லோலி' என்றால் மெதுவாக. 'ஆன', 'ஆக' என்னும் ஈறுகளுக்குப் பழகிய நமக்கு இதில் சிரமம் ஏதும் தோன்றுவதில்லை. ஆனால் ஆங்கிலேயரே வீதியோரப் பலகையில் 'கோ ஸ்லோ' என்று எழுதி வைப்பதைக் காணும்போது குழப்பம் தொடங்குகிறது. அவர்களுக்கே இலக்கணம் தெரியாதா?

இந்தக் கேள்விக்கான விடை இலக்கண விதியில் இல்லை; வரலாற்றில் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் வினையடை ஆக்குவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பெயரடையோடு 'எ' என்னும் ஓருயிர் ஈற்றைச் சேர்ப்பது ஒரு வழி. கடினமான என்ற பொருளுடைய 'ஹெஅர்ட்', கடினமாக என்னும்போது 'ஹெஅர்டெ' ஆகும். மற்றது 'லீச்செ' என்னும் ஈறு. உடல், உரு என்று பொருள்படும் 'லீச்' என்ற சொல்லே இதன் மூலம். அதே சொல்லிலிருந்து பிறந்த 'லி' பெயரடைகளையும் ஆக்கியது. நட்பான என்னும் 'ஃப்ரெண்ட்லி', அழகிய என்னும் 'லவ்லி' இரண்டும் 'லி'யில் முடிந்தும் இன்றுவரை பெயரடைகளாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் இறுதியில் நின்ற 'எ' ஒலி தேய்ந்து மறைந்தது. அதனால் 'எ' சேர்ந்து உருவான வினையடைகள் தம் அடையாளத்தை இழந்து, பெயரடைகளைப் போலவே தோற்றம் பெற்றன. 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்றவை இரு வேடமும் பூணுவது இவ்வாறுதான். வால் இல்லாத இத்தகைய வினையடைகள் பிழையால் விளைந்தவை அல்ல. வால் ஒன்றை வைத்திருந்து இழந்த பரம்பரையைச் சேர்ந்தவை அவை. 'லி'யை இழந்தவை என்று எண்ணுவதுதான் தவறு. அவை அதனை ஒருபோதும் பெற்றிருக்கவில்லை. இவற்றின் சாயலில் வேறு பல பெயரடைகளும் ஈறு எதுவுமின்றி வினையடைகளாக வழங்கலாயின.

பிழை என்ற தீர்ப்பு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். அந்த நூற்றாண்டில் ஆங்கிலத்தைச் சீர்ப்படுத்த வேண்டும் என்ற ஆவல் கற்றோரிடையே பரவியிருந்தது. ஈறுகளால் சொல்வகை தெளிவாகத் தெரியும் இலத்தீன் மொழியே அவர்களுக்கு அளவுகோல். பின்னாளில் லண்டன் பேராயராக விளங்கிய ரொபர்ட் லோத், 1762இல் ஆங்கில இலக்கணச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். பெயரடையை வினையடையாக வழங்குவது தகாது என்று அதில் கண்டித்தார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்கள் கல்லாதவர் பேச்சிலிருந்து எடுத்தவை அல்ல. ஷேக்ஸ்பியர், டிரைடன், ஸ்விஃப்ட் என்று ஆங்கில இலக்கியத்தின் தூண்களையே அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

ஓராண்டு முன்னதாக, 1761இல், ஜோசப் பிரீஸ்ட்லி வெளியிட்ட இலக்கண நூல் வேறு வழியில் நின்றது. மக்கள் வழக்கே மொழிக்கு அளவுகோல் என்பது அவர் கொள்கை. ஆயினும் பள்ளிக்கூடங்களை வென்றது லோத்தின் வழிதான். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யோர்க் நகரருகே குடியேறிய லிண்ட்லி மறே, அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதி 1795இல் வெளியிட்ட இலக்கணம், லோத்திடமிருந்து நிறையவே எடுத்துக்கொண்டது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அது பதிப்புக்குமேல் பதிப்புக் கண்டது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரியை நிறுவிய காலம், மறேயின் செல்வாக்கு உச்சத்தில் நின்ற காலமாகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிக என்ற பொருளில் நாள்தோறும் வழங்கும் 'வெரி' என்ற சொல், உண்மையான என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த ஒரு பெயரடை. முறைப்படி 'லி' பெற்ற 'வெரிலி' இன்று பழைய வேதாகம மொழிபெயர்ப்புகளில்தான் பெரும்பாலும் காணக்கிடைக்கிறது. வால் இல்லாத 'வெரி'யோ விதி வகுத்தவர்களின் நாவிலும் நிலைத்துவிட்டது.

'லி' விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவோருக்கு இரண்டு குழிகள் காத்திருக்கின்றன. முதலாவது, பொருள் மாற்றம். கடினமாக உழைத்தான் என்று சொல்லக் கருதி 'ஹார்ட்லி' என்று எழுதினால், அவன் உழைக்கவே இல்லை என்ற அளவுக்குப் பொருள் தலைகீழாகிவிடும். 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக்காலத்தில். 'நியர்' அருகில், 'நியர்லி' ஏறத்தாழ.

இரண்டாவது குழி தமிழருக்கென்றே வெட்டப்பட்டது போன்றது. பூ அழகாக இருக்கிறது என்கிறோம். 'ஆக' ஈறு நம்மை 'பியூட்டிஃபுலி' என்று எழுதத் தூண்டும். ஆங்கிலத்திலோ அவ்விடத்தில் 'பியூட்டிஃபுல்' என்றே வர வேண்டும். அழகு பார்த்தல் என்ற செயலின் தன்மை அல்ல, பூவின் தன்மை என்பது அவர்கள் கணக்கு. இரு மொழிகளும் ஒரே காட்சியை வெவ்வேறாக வகுத்துக்கொள்கின்றன. தமிழில் சரியாக இருப்பது ஆங்கிலத்தில் பிழையாவது இதனால்தான். மாணவனின் மந்தபுத்தியால் அல்ல.

ஆகவே எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'லி' இருக்கிறதா என்பதல்ல. இச்சொல் எதனை விசேடிக்கிறது என்பதுதான். பெயரையா, வினையையா? அது தெளிந்தால் ஈறு பெரும்பாலும் தானாகவே அமையும். ஐயம் எழும் இடத்தில் அகராதி உதவும். அலுவலகக் கடிதத்திலும் பரீட்சைத் தாளிலும் இன்றைய எழுத்து வழக்கை மதித்து 'லி'யோடு எழுதுவதே பாதுகாப்பு. அது இடத்துக்கேற்ற உடை அணிவது போன்றது.

ஆனால் உடையை வைத்து ஆளை எடைபோடும் வழக்கம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியிருக்கிறது. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று ஒரு பெயர் உண்டு. அந்த வாளால் வெட்டுண்டவர்கள் எல்லாச் சமூகத்திலும் உளர். ஓர் ஈறு பிசகியதற்காக நேர்முகத் தேர்வில் நகைப்புக்கு ஆளாகி, அதன்பின் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அஞ்சும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அவர்களைத் தலைகுனிய வைக்கும் விதிக்கு வயது ஏறத்தாழ 260 ஆண்டுகள். அதன் முதல் குற்றவாளிகளின் பட்டியலில் ஷேக்ஸ்பியரும் இருக்கிறார். விதியைக் கற்போம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.